பெம்பர்ட்டன் கிளப்பில் ஒரு துண்டு

பெம்பர்ட்டன் கிளப்பின் மேல் எனக்குத் தனிப்பட்ட விரோதம் எதுவும் கிடையாது. ஒருமுறை அங்கே நடந்த கல்யாண வரவேற்புக்குப் போனபோது, செருப்பு போட்டிருக்கிறேன் என்று வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். மொய்க் கவரை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டு, சாப்பிடாமல் அல்சூருக்குத் திரும்பினேன். அவ்வளவுதான். ஆகவே இதில் வன்மம் எதுவும் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அந்த வாசலில் ஒரு பித்தளைப் பலகை உண்டு. வேட்டி, லுங்கி, ஜிப்பா, பைஜாமா, காலர் இல்லாத சட்டை, செருப்பு ஆகியவற்றோடு யாரும் உள்ளே நுழையக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். கடைசி வரியில், இடுப்பில் சுற்றிக் கட்டும் நாட்டுத் துணி எதற்கும் கிளப்பின் எந்த அறையிலும் அனுமதி இல்லை என்று இருக்கும். இதை எழுதிய கர்னல் பெம்பர்ட்டன் செத்து, அவருடைய நாட்டுக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டு போய், ஊர் பெயரே மாறிவிட்டது. பலகையை மட்டும் இன்றைக்கும் வெள்ளிக்கிழமை தோறும் துடைக்கிறார்கள்.

கிளப் இருக்கும் இடம் சர்க்கார் நிலம். குத்தகையைப் புதுப்பிக்கும்போது, அக்கம்பக்கத்து ஏழை விளையாட்டு வீரர் குடும்பம் ஒன்றையாவது உறுப்பினராகச் சேர்க்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டுவிட்டார்கள். கமிட்டி தேடிப் பார்த்து, எங்கள் தெரு இளங்கோவனைப் பிடித்தது.

இளங்கோவன் பொம்மசந்திராவில் ஒரு லிஃப்ட் கம்பெனியில் மெக்கானிக். அவருடைய பெண் சங்கமித்ரா, பி.காம். முதல் வருஷம், நீச்சல்காரி. அவள் கல்லூரியில் இருந்த நீச்சல் குளத்தை மூடி, மேலே கார் நிறுத்தும் இடம் கட்டிவிட்டார்கள். பல்கலைக்கழக அணித் தேர்வுக்கு ஆறேழு மாதம்தான் இருந்தது. அணியில் இடம் கிடைத்தால் விளையாட்டுக் கோட்டாவில் ரயில்வே வேலை வரைக்கும் வழி உண்டு. குளம் இல்லாவிட்டால் எதுவும் இல்லை. இந்த நிலையில் கிளப்பிலிருந்து அழைப்பு வந்ததும் இளங்கோவன் தெருவுக்கே மைசூர்பாக் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன், நல்ல நெய்.

அழைப்பில் ஒரு சின்ன விஷயம் இருந்தது. சேர்வது குடும்பமானாலும் உறுப்பினர் குடும்பத் தலைவர்தான். ஆறு மாதம் அவர் தற்காலிக உறுப்பினராக இருந்து, ஞாயிறு தோறும் மற்ற உறுப்பினர்களோடு நீந்திக் குளித்துப் பழகி, 'கிளப்புக்கு ஏற்றவர்' என்று கமிட்டியிடம் பெயர் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் குடும்பத்தோடு வெளியே.

முதல் ஞாயிற்றுக்கிழமை இளங்கோவன் ஆண்கள் உடைமாற்றும் அறைக்குள் போனார். போன வேகத்திலேயே வெளியே வந்து, கதவில் எழுதியிருந்ததை இன்னொரு முறை படித்தார். சரியான அறைதான்.

உள்ளே பெரிய மனிதர்கள் ஏழெட்டுப் பேர் பிறந்த மேனிக்கு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவர் தலை துவட்டினார். இருவர் ஒயிட்ஃபீல்டில் சதுர அடி விலை பேசிக்கொண்டிருந்தார்கள். வரிசையாக ஷவர் இருந்தது, ஒன்றுக்கும் கதவு கிடையாது. ஒருவர் சோப்பு நுரையோடு வந்து, "ஹலோ, நியூ மெம்பர்?" என்று கை நீட்டினார். இளங்கோவன் கையைக் கொடுத்துவிட்டு மேலே சுழன்ற ஃபேனைப் பார்த்தார். அன்றிலிருந்து அந்த ஃபேனை அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அண்ணன் தம்பி நாலு பேர் ஒரே அறையில் வளர்ந்தவர்கள். ஒருவன் முழங்காலுக்கு மேலே இன்னொருவன் பார்த்ததில்லை. தெருக் குழாயடியில் ஊரே பார்க்கக் குளிப்பார்கள். துண்டு இடுப்பில் இருக்கும், ஈரத் துணி கீழே நழுவும், காய்ந்தது மேலே ஏறும், லுங்கியின் முனை பல்லில் இருக்கும், பேச்சும் நடந்துகொண்டே இருக்கும். நம் ஊரில் இதை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுப்பதில்லை. கர்னலின் ஊரில் வேறு பழக்கம். பள்ளிக்கூடத்திலும் பட்டாளத்திலும் ஆண்பிள்ளைகள் கூட்டமாக அம்மணக் குளியல் போட்டு வளர்ந்தார்கள், ஆணுக்கு ஆண் என்ன வெட்கம் என்பது அவர்கள் கணக்கு. ஆளுக்கு ஒரு வழக்கம், அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை. கர்னல் போன பிறகும் அவருடைய வழக்கத்தை இங்கே பிறந்தவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றுவதுதான் எனக்கு எரிச்சல்.

இளங்கோவன் ஒரு மூலைக்குப் போய், பையிலிருந்து சிவப்புக் கட்டம் போட்ட ஈரோட்டுத் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். சதுர அடி விலை பேசிய இருவரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அறையைப் பார்த்துக்கொள்ளும் உத்தமன் ஓடி வந்தான். ஈஜிபுராவில் குடியிருப்பவன், நம்மாள்.

"அண்ணே, அத உள்ள வையுங்க. துண்டு கட்டக்கூடாது."

"பின்ன எப்டிப்பா துணி மாத்தறது?"

"மாத்தறதெல்லாம் இல்லண்ணே. அவுத்துப் போட்டுட்டு நடக்க வேண்டியதுதான். நான் இங்க இருக்கறவன், எனக்கு யூனிஃபார்ம் இருக்கு. மெம்பருங்களுக்குத்தான் அந்த வசதி இல்ல."

அடுத்த வாரமே விசாரணை. கமிட்டி அறையில் எட்டுப் பேர் கோட்டும் டையுமாக உட்கார்ந்திருந்தார்கள். செயலர் சுதீர், ஓய்வு பெற்ற விங் கமாண்டர், எழுந்து பேசினார். அவர் பேசியது ஆங்கிலத்தில். தமிழில் தருகிறேன், ஆங்கிலத்தில் இன்னும் நீளம்.

"கனவான்களே, தற்காலிக உறுப்பினர் நாட்டுத் துணி ஒன்றை இடுப்பில் சுற்றி, கிளப் ஆடை விதியை மீறியிருக்கிறார். அவர் கேட்கலாம், அங்கே மற்றவர்கள் எதுவுமே அணியாமல் இருந்தார்களே, அது மீறல் இல்லையா என்று. இல்லை. ஆடை விதியை மீறுவதற்கு ஒரு ஆடை வேண்டும். ஒன்றும் அணியாதவர் தவறான ஆடை எதையும் அணியவில்லை. கர்னல் இதை மிகத் தெளிவாக யோசித்திருக்கிறார்."

எட்டுத் தலைகளும் ஆடின.

"சார், எனக்குக் கூச்சமா இருக்கு சார்" என்றார் இளங்கோவன். "துண்டு மட்டும் கட்டிக்கறேன். வேற ஒண்ணும் கேக்கல."

தலைவர் நாராயணசாமி தொண்டையைச் செருமினார். ஊரில் பாதி அபார்ட்மென்ட் அவர் கட்டியது. அவர் தமிழிலேயே பேசினார்.

"இளங்கோவன், நான் உங்க ஆளுதான், நல்லதுக்குச் சொல்றேன். எங்க தாத்தாவ இந்த கேட்டுக்குள்ள விடல. ஏன்? வேட்டி கட்டியிருந்தாரு. எங்கப்பாவையும் விடல. நான் பேன்ட் போட்டேன், உள்ள விட்டாங்க. பேன்ட்ட அவுத்தேன், பிரசிடென்ட் ஆக்கிட்டாங்க. முன்னேறணும்னா சொல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கணும், கொஞ்சம் வளைஞ்சு குடுக்கணும். மொதல் மாசம் நானும் வீட்ல போய் அழுதவன்தான். பழகிடும்."

பிறகு எச்சரிக்கைத் தீர்மானத்துக்கு வாக்கெடுப்பு. கர்னல் காலத்தில் உறுப்பினர்கள் ஒரு கையில் விஸ்கியைப் பிடித்துக்கொண்டு மறு கையைத் தூக்கினார்களாம். கோபம் வந்த கர்னல் ஒரு விதி போட்டார். எழுந்து நிற்க வேண்டும். வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இடது உள்ளங்கையை மார்பில் பதிக்க வேண்டும். இரண்டு கையும் அதனதன் இடத்தில் இல்லாத வாக்கு செல்லாது. எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள்.

"குற்றம் சாட்டப்பட்டவருக்கும் ஒரு வாக்கு உண்டு" என்றார் சுதீர் பெருமையாக. "பிரிட்டிஷ் நியாயம். நீங்கள் எதிர்க்கலாம்."

இளங்கோவன் வலது கையைத் தூக்கினார். இடது கையில் துண்டு வைத்த பையைப் பிடித்திருந்தார். வாக்கு செல்லாது என்று குறித்துக்கொண்டார்கள்.

"இன்னொரு முறை ஆடை விஷயத்தில் தவறினால் வெளியேற்றத் தீர்மானம்தான்" என்றார் சுதீர். "அந்தத் தீர்மானம் தோற்றால், நீங்கள் கிளப்பின் நம்பிக்கையைப் பெற்றவர், அன்றே நிரந்தர உறுப்பினர். ஆனால் கவலைப்படாதீர்கள், அப்படி ஒரு தீர்மானம் இதுவரை தோற்றதே இல்லை."

அதற்குப் பிறகு இளங்கோவனுக்கு நிம்மதி போயிற்று. புதன்கிழமையே ஞாயிற்றுக்கிழமையை நினைக்க ஆரம்பித்துவிடுவார். லிஃப்ட் பள்ளத்தில் இறங்கி வேலை பார்க்கும்போது கவனம் சிதறியது. ஒரு தந்திரம் செய்து பார்த்தார். நீந்தி முடித்ததும் ஈர ஜட்டியின் மேலேயே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கம்பளத்தை நனைத்தார் என்று புகார் வந்தது. கம்பளத்தைச் சுற்றிக்கொண்டு தோட்டப் பக்கம் போனார். தோட்டப் பக்கம் வேலைக்காரர்கள் வழி, அதில் போய் உறுப்பினர் கௌரவத்தைக் குறைத்தார் என்று அதற்கும் புகார் வந்தது.

கமிட்டி அவருக்கு இணக்கப் பயிற்சி என்று ஒன்றை ஏற்பாடு செய்தது. சனிக்கிழமை மாலைகளில் நாராயணசாமி ஷவருக்குக் கீழே நின்றுகொண்டு சொல்லிக் கொடுப்பார். இளங்கோவன் பயிற்சிக் காலம் என்பதால் ஜட்டியோடு நிற்கலாம்.

"கண்ணப் பாத்துப் பேசணும். ஃபேனப் பாக்கக்கூடாது. எங்க, எங்கிட்ட எதனா இயல்பா கேளுங்க."

"வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா சார்?"

"குட். கேட்டுட்டு என்ன பண்ணணும்? சிரிக்கணும். சிரிங்க."

இளங்கோவன் சிரித்தார். அழுத மாதிரி இருந்தது என்று உத்தமன் பிறகு என்னிடம் சொன்னான்.

வீட்டிலும் பழகிப் பார்த்தார். ஒரு நாள் அறையைத் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, கண்ணாடி முன்னால் துண்டு இல்லாமல் ஐந்து நிமிஷம் நிற்பது என்று முடிவு செய்தார். இரண்டாவது நிமிஷம் அவர் மனைவி சாந்தகுமாரி கதவைத் தட்டினார்.

"பட்டப் பகல்ல கதவ சாத்திக்கினு உள்ள இன்னா பண்றீங்க?"

"கிளப்பு வேலைடி."

"கிளப்பு வேலைன்னா கதவ தொறந்து வெச்சுச் செய்யறதுதானே?"

"அதத்தான் பழகிட்டிருக்கேன்" என்றார் இளங்கோவன்.

ஆறாவது மாதம் வந்தது. சங்கமித்ரா அந்தக் குளத்தில் தினமும் விடியற்காலையில் நீந்தி நேரத்தைக் குறைத்துக்கொண்டே வந்தாள். தேர்வுக்கு இன்னும் சில நாள்தான். ஒரு நாள் சாப்பிடும்போது, அப்பா சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு அவள் சொன்னாள்:

"வேணாம்பா. நான் நீச்சல விட்டுடறேன். ஓட்டத்துக்கு மாறிக்கறேன். ரோடு ஃப்ரீதானே."

அவருக்கு அது தாங்கவில்லை. சிறு வயதிலிருந்து தண்ணீரே கதியென்று கிடக்கிற பிள்ளை, அப்பனுடைய கூச்சத்துக்காக ரோட்டில் ஓடுகிறேன் என்கிறது. அவமானமாக இருந்தது, தன் மேலேயே கோபம் வந்தது. வரும் ஞாயிறுதான் கடைசி ஞாயிறு, கமிட்டி அவரைப் பார்த்து முடிவு சொல்லும் நாள். ஒரே ஒரு நாள், கண்ணை மூடிக்கொண்டு உள்ளே போய் நின்றுவிட்டு வந்தால் தீர்ந்தது என்று முடிவு கட்டினார்.

அவர் முடிவு கட்டிய அதே வாரம் லண்டனிலிருந்து மிஸ்டர் ஹார்ட்லி என்பவர் வந்து இறங்கினார். அங்கே உள்ள ஒரு பழைய கிளப்பின் பிரதிநிதி. அந்தக் கிளப்போடு பெம்பர்ட்டனுக்கு உறவு உண்டு, அங்கே போனால் இங்குள்ள உறுப்பினர்கள் தங்கலாம். உறவு நீடிக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார். சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில், தங்கள் பாரம்பரியத்தை எப்படிக் கட்டிக் காக்கிறோம் என்று சுதீர் அவரிடம் விரிவாகச் சொன்னார். உடைமாற்றும் அறை வந்ததும் ஹார்ட்லி முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"எல்லோருமா? இன்னமுமா?"

"எல்லோரும். இன்னமும்" என்றார் சுதீர் மார்பை நிமிர்த்தி.

"எங்கள் கிளப்பில் என் அப்பா காலத்திலேயே கதவு போட்டுவிட்டோமே. இப்போது யாராவது அப்படி நடந்தால் உறுப்பினர்கள் புகார் கொடுப்பார்கள். எனக்கே கொஞ்சம் சங்கடமாக இருக்கும். ஒரு துண்டு கிடைக்குமா?"

மேசையில் சாப்பாடு ஆறிப்போனது. மேல்நாட்டில் கைவிட்ட பழக்கத்தைக் கீழ்நாட்டில் காப்பாற்றிக்கொண்டிருந்தது தெரிந்ததும் கமிட்டி காப்பி வருவதற்குள் கூடியது. நாளை முதல் உடைமாற்றும் அறையில் ஒவ்வொருவரும் துண்டு அணிந்தே தீர வேண்டும். துண்டு இல்லாமல் காணப்படுபவர் உடனே வெளியேற்றப்படுவார். பாரம்பரியம் என்பது காலத்தோடு வளர்வது என்று நாராயணசாமி பேசினார், எல்லோரும் மேசையைத் தட்டினார்கள். அறிவிப்பை மதுக்கூடப் பலகையில் ஒட்டினார்கள். தற்காலிக உறுப்பினர்களுக்கு மதுக்கூடத்துக்குள் அனுமதி இல்லை. விருந்தாளி இருந்ததால் அன்று மாலைப் பயிற்சியும் இல்லை.

துண்டுக்கு எங்கே போவது? தலை துவட்டும் கைத்துண்டு இடுப்புக்கு எட்டாது, கடையில் விற்கும் துண்டு நாட்டுத் துணியாகிவிடும். ஆகவே கிளப்பின் பெயர் நெய்த மேசை விரிப்புகளை எடுத்து, உத்தமனை விட்டு இரண்டிரண்டாகக் கத்தரிக்கச் சொன்னார்கள். கஞ்சி போட்டுத் தேய்த்த விரிப்பு, பலகை போல நிற்கும். முடிச்சு விழாது. இடுப்பைச் சுற்றி வந்தாலும் கடைசியில் ஒரு சாண் குறையும்.

ஞாயிற்றுக்கிழமை காலை இளங்கோவன், உடைமாற்றும் அறைக்கு முன்னால் லாக்கர்கள் இருந்த வெளி அறையில் எல்லாவற்றையும் கழற்றி லாக்கரில் வைத்தார். துண்டையும் மடித்து வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். கதவைத் தள்ளி, கையை வீசி நடந்து, அறை நடுவில் போய் நின்று, பயிற்சியில் சொன்னபடி கண்ணைத் திறந்து நேராகப் பார்த்துச் சிரித்தார்.

"வீட்ல எல்லாரும் சௌக்கியங்களா சார்?"

கமிட்டியின் எட்டுப் பேரும் வெள்ளை மேசை விரிப்பில் நின்றிருந்தார்கள். முன்பக்கம் ஒரு கை, பின்பக்கம் ஒரு கை. நடுவில் ஹார்ட்லி, அவரும் விரிப்பில். உத்தமன் மிச்ச விரிப்புகளோடு உள்ளே வந்தவன், இளங்கோவனைப் பார்த்து எல்லாவற்றையும் கீழே போட்டான்.

"என்ன அசிங்கம் இது!" என்று கத்தினார் சுதீர். "விருந்தாளி முன்னால்! துண்டு எங்கே?"

"துண்டு கட்டினாத்தானே சார் வெளிய அனுப்புவேன்னீங்க?"

"அது நேற்று வரை!"

இளங்கோவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஆறு மாதம் அவரைக் கரித்துக் கொட்டிய முகங்கள். ஓடிப் போய் ஒளிந்துகொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் இதற்கு மேல் காட்டுவதற்கு அவரிடம் எதுவும் இல்லை, மறைப்பதற்கும் இல்லை. ஆறு மாதமாக இருந்த கூச்சம் சட்டென்று விட்டுப்போனது. அப்படியே நின்றார்.

"விதிப்படி, குற்றம் நடந்த இடத்திலேயே கமிட்டி முழுதாக இருந்தால், அங்கேயே விசாரிக்கலாம்" என்றார் சுதீர். "உத்தமன், கதவைச் சாத்து. வாக்கெடுப்பு முடியும் வரை யாரும் வெளியே போகக் கூடாது. தலைவர் அவர்களே, வெளியேற்றத் தீர்மானத்தை முன்மொழிகிறேன்."

"ஆதரிக்கிறவங்க கை தூக்கலாம்" என்றார் நாராயணசாமி.

யாரும் தூக்கவில்லை.

"தூக்குங்கப்பா" என்றார் நாராயணசாமி. அவரும் தூக்கவில்லை.

வலது கை மேலே போனால் பின்பக்கம் திறக்கும். இடது கை மார்புக்குப் போனால் முன்பக்கம் விழும். இத்தனை வருஷம் ஒருவரையொருவர் பார்த்தவர்கள்தான். ஆனால் நேற்று அவர்களே போட்ட விதியின்படி, விரிப்பு விழுந்தவர் அடுத்த நொடி குற்றவாளி, அதுவும் லண்டன்காரர் முன்னால். ஒருவர் சுவரில் சாய்ந்து ஒரு கையை விடுவிக்கப் பார்த்தார். விரிப்பு சரிந்தது. சட்டென்று பிடித்துக்கொண்டார்.

"ஒரு கையை மட்டும் தூக்கினால் கணக்கில் கொள்ளலாமா?" என்று கேட்டார் இன்னொருவர்.

"கர்னலின் விதி" என்றார் சுதீர் பரிதாபமாக. "இரண்டு கையும் வேண்டும்."

"அப்போ எதிர்க்கிறவங்க?" என்று தலைவர் வழக்கப்படி கேட்டுவிட்டார்.

இளங்கோவன் நிமிர்ந்து நின்றார். வலது கையைத் தலைக்கு மேலே உயர்த்தினார். இடது உள்ளங்கையை மார்பில் வைத்தார். அந்த அறையில் இரண்டு கையும் சும்மா இருந்த உறுப்பினர் அவர் ஒருவர்தான்.

"ஆதரவு பூஜ்யம், எதிர்ப்பு ஒன்று" என்றார் ஹார்ட்லி. கேட்காமலே எண்ணியிருந்தார். "தோற்றுவிட்டது, இல்லையா?"

இளங்கோவன் வெளி அறைக்குப் போய்த் தன் ஈரோட்டுத் துண்டைக் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஒரு சுற்று, ஒரு சொருகல், வழக்கம்போல.

"சார், நான் இன்னிலர்ந்து பர்மனென்ட்தானே? எழுதிக் குடுங்க."

"எழுத..." என்று சுதீர் தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்தார். "எப்படி எழுதுவது?"

இளங்கோவன் மறுபடி லாக்கருக்குப் போய், பையிலிருந்த மாற்றுத் துண்டை எடுத்து வந்தார். இது பச்சைக் கட்டம். மேசை விரிப்பின் மேலேயே சுதீரின் இடுப்பில் அதைச் சுற்றி, இழுத்துச் சொருகிவிட்டார். பயந்து பயந்து கையை எடுத்த சுதீர், விழவில்லை என்று தெரிந்ததும் பேனாவைக் கேட்டார். ஒரே வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். நாராயணசாமி மெதுவாகப் பக்கத்தில் வந்து, "இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்ல சார்" என்றார் இளங்கோவன். "பழகிடும்."

குளத்தருகே சங்கமித்ரா கால் நகத்தைக் கடிக்காத குறையாக உட்கார்ந்திருந்தாள். அப்பாவைக் கண்டதும் எழுந்தாள்.

"என்னப்பா ஆச்சு? அனுப்பிட்டாங்களா?"

அவர் கையெழுத்தான காகிதத்தைக் காட்டினார். அவள் இரண்டு முறை படித்தாள்.

"எப்டிப்பா விட்டாங்க? யாருமே உனக்கு எதிரா கை தூக்கலையா?"

"தூக்கணும்னு எல்லாருக்கும் ஆசைதாம்மா" என்றார் இளங்கோவன். "பாவம், எல்லார் கையும் வேலையா இருந்துச்சு."

அவளுக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அவளுக்கு நேரமும் இல்லை. தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு தண்ணீரில் பாய்ந்தாள்.